முதல் டெலஸ்கோப்: மோட்டாரா, மொபைலா, கையா?

"முதலில் வெறுங்கண்ணால் வானத்தைப் படி, கம்ப்யூட்டர் டெலஸ்கோப் எல்லாம் பிறகு" என்பது பழைய அறிவுரை. இருட்டான ஊரில் அது நூற்றுக்கு நூறு சரி. தெரிந்த நட்சத்திரத்தில் தொடங்கி அடுத்தது, அதற்கடுத்தது என்று நூல் பிடித்துப் போனால் தேடியது கிடைக்கும். ஆனால் வழியெல்லாம் நட்சத்திரம் இருக்க வேண்டுமே! சென்னையிலோ கோவையிலோ மொட்டை மாடியில் நிற்பவருக்கு அந்த வழியே தெரு விளக்கில் கரைந்து போயிருக்கும். ஆகவே கம்ப்யூட்டர் அதிகம் தேவைப்படுவது நகரத்துக்காரருக்கு. ஜவ்வாது மலை அடிவாரத்தில் வீடு வைத்திருப்பவர் அது இல்லாமலே சமாளிப்பார்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டர் செய்வது டெலஸ்கோப்பைச் சரியான இடத்துக்குத் திருப்புவது, அவ்வளவுதான். அங்கே இருப்பது தெரிவதும் தெரியாததும் கண்ணாடியின் அகலத்தையும் வானத்தின் இருட்டையும் பொறுத்தது. கையேட்டில் 4,000 பொருள், 40,000 பொருள் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நகர மாடியிலிருந்து ரசித்துப் பார்க்கத்தக்கவை நூறு தேறினால் பெரிது.

இந்த ஒப்பீட்டில் இருப்பவை ஐந்து. மோட்டார் வைத்த செலஸ்ட்ரான் நெக்ஸ்ஸ்டார் 130 எஸ்எல்டி, அதே நிறுவனத்தின் நெக்ஸ்ஸ்டார் 4 எஸ்இ, மேசை மேல் வைக்கும் ஸ்கைவாட்சர் விர்ச்சுவோசோ ஜிடிஐ 150பி, மொபைல் வழிகாட்ட நாம் கையால் தள்ளும் ஸ்டார்சென்ஸ் எக்ஸ்ப்ளோரர் டிஎக்ஸ் 130, எந்த மின்சாரமும் வேண்டாத 6 அங்குல டாப்சோனியன் (எளிய சுழல் பெட்டி மேல் உட்கார்த்திக் கையால் திருப்பும் வகை). மீட் நிறுவனத்தின் பழைய இடிஎக்ஸ் மோட்டார் டெலஸ்கோப்பை யாராவது விற்பதாகச் சொன்னால் என்ன செய்வது என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

கண்ணாடிக் கணக்கு

ஒளி சேர்ப்பது விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 150 மி.மீ. கண்ணாடி 130 மி.மீ. கண்ணாடியைவிட ஏறக்குறைய 1.3 மடங்கும், 4 எஸ்இ-யின் 102 மி.மீ.யைவிட 2.2 மடங்கும் ஒளி வாங்கும். 130-க்கும் 150-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. 102-க்கும் 150-க்கும் உள்ளது தெரியும், அதிலும் ஒமேகா சென்டாரி மாதிரி நட்சத்திரக் கொத்துகளில் நன்றாகவே தெரியும்.

குவிய நீளத்தையும் (கண்ணாடியில் பட்ட ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம்) கவனிக்க வேண்டும். 130 எஸ்எல்டி, டிஎக்ஸ் 130 இரண்டுக்கும் 650 மி.மீ. கூடவே வரும் 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) 26 மடங்கு பெருக்கம். கார்த்திகைக் கூட்டம் முழுதாக ஒரே பார்வையில் அடங்கிவிடும். 4 எஸ்இ-க்கு 1,325 மி.மீ. அதே 25 மி.மீ. ஐபீஸில் 53 மடங்கு. கார்த்திகையின் ஒரு பகுதிதான் தெரியும். ஆனால் நிலா, சனி, குரு என்று மட்டும் பார்ப்பவருக்கு 4 எஸ்இ தரும் பிம்பம் கூர்மையானது. கண்ணாடியை அடிக்கடி நேர்செய்யும் வேலையும் கிடையாது.

கடையில் "ஸ்டார்சென்ஸ்" என்று பெயர் போட்ட எல்லாமே ஒன்றல்ல. எல்டி 114 என்ற மாடலில் குட்டைக் குழாய்க்குள் 1,000 மி.மீ. குவிய நீளம் வர வேண்டும் என்பதற்காக ஃபோகஸருக்குள் (ஐபீஸை முன்பின் நகர்த்திப் பிம்பத்தைத் தெளிவாக்கும் பகுதி) ஒரு வில்லையைச் செருகியிருப்பார்கள். பெருக்கம் கூட்டினால் பிம்பம் குழையும், கண்ணாடியை நேர்செய்வதும் தொல்லை. விலை குறைவு என்று அதை எடுப்பதைவிட டிஎக்ஸ் 130-க்குக் காசு சேர்ப்பது மேல்.

130 எஸ்எல்டி: எங்கே சறுக்கும்?

இந்த மாதிரி மோட்டார் டெலஸ்கோப்கள் "வேலை செய்யவில்லை" என்று திரும்பி வருவதுண்டு. பெரும்பாலும் டெலஸ்கோப் பழுதாகியிருக்காது. மின்சாரம், தேதி, இடம் ஆகிய மூன்றில் ஒன்று பிசகியிருக்கும்.

முதலில் மின்சாரம். எட்டு பென்சில் பேட்டரி போட வேண்டும். அல்கலைன் என்றால் எட்டு ஒன்றரை, 12 வோல்ட். வீட்டில் ரீசார்ஜ் பேட்டரி கிடக்கிறது என்று போட்டால் எட்டு 1.2, அதாவது 9.6 வோல்ட்தான். திரை எரியும், பட்டன் வேலை செய்யும், எல்லாம் சரி என்றே தோன்றும். வேகமாகத் திரும்பச் சொன்னதும் மோட்டார் மின்சாரத்தை இழுக்க, வோல்டேஜ் விழுந்து கை ரிமோட் அணைந்து எழும். அவ்வளவு நேரம் செய்த அலைன்மென்ட் (தெரிந்த நட்சத்திரங்களைக் காட்டி டெலஸ்கோப்புக்குத் திசை சொல்லிக்கொடுப்பது) போயே போச்சு. அல்கலைனும் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். மாடியில் பிளக் இருந்தால் சிசிடிவி கேமராவுக்கு விற்கும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரே போதும். முனை 5.5/2.1 மி.மீ. அளவில், நடுப்பகுதி பாசிட்டிவாக இருக்க வேண்டும். மாட்டும் முன் மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். துருவம் மாறினால் போர்டு போகும். பிளக் இல்லையென்றால் யுபிஎஸ்-க்குள் இருக்குமே, அந்த 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியை 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து இணைக்கலாம். ஓர் இரவுக்குத் தாராளம்.

"நோ ரெஸ்பான்ஸ் 16", "நோ ரெஸ்பான்ஸ் 17" என்று திரையில் வந்தால் பயப்பட வேண்டாம். கை ரிமோட்டால் மோட்டாரோடு பேச முடியவில்லை என்று பொருள். 16 பக்கவாட்டு மோட்டார், 17 மேல்-கீழ் மோட்டார். காரணம் பெரும்பாலும் வோல்டேஜ் குறைவு, அல்லது டெலிபோன் பின் போல இருக்கும் ரிமோட் பின் முழுதாக உட்காராதது. டெலஸ்கோப்பின் பவர் துளைக்குள் நடுவில் இருக்கும் முள்ளைப் பாருங்கள். அது நெடுக்கில் பிளந்திருக்கும். இரண்டு பிளவும் ஒட்டிப்போனால் பிளக் ஆடும், திரும்பும்போது தொடர்பு அறுந்து அறுந்து வரும். மின்சாரத்தை எடுத்துவிட்டு மெல்லிய கத்தி முனையால் அந்தப் பிளவைத் துளி விரித்தால் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது தேதி. கை ரிமோட் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் கேட்கும். ஜூலை 5 என்று நினைத்து 05/07 போட்டால் அதற்கு மே 7. இரண்டும் செல்லுபடியாகும் தேதி என்பதால் அது எதிர்ப்புச் சொல்லாது. நேர மண்டலத்தில் நம் ஐந்தரை மணி கிடைக்காமல் போனால் மண்டலத்தை "யுனிவர்சல்" என்று வைத்து, கோடைக்கால நேரத்தை அணைத்துவிட்டு, நம் கடிகாரத்திலிருந்து 5:30 கழித்துப் போடுங்கள். இரவு 7:40 என்றால் 14:10. இதில் ஒரு பொறி இருக்கிறது. 12-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 1 மணி என்றால் கழித்தபின் 19:30, தேதியும் 11 ஆகிவிடும். நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரை தேதியை ஒரு நாள் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

பிறகு இடம். மொபைல் "13.08" என்று காட்டும். கை ரிமோட் டிகிரியும் நிமிடமும் கேட்கும். 13.08 என்பது 13 டிகிரி 8 நிமிடம் அல்ல; .08-ஐ 60-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5 நிமிடம். சென்னைக்கு வடக்கு 13° 05′, கிழக்கு 80° 16′. "கிழக்கு" என்று மாற்ற மறந்து "மேற்கு" என்றே விட்டுவிட்டால் டெலஸ்கோப் தன்னைக் கரீபியன் கடலின் நடுவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சென்னை வானத்தோடு மல்லுக்கட்டும். அலைன்மென்ட் தோல்வி என்று மூன்று முறை சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எழுத்தைத்தான்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தேடிய பொருள் ஐபீஸுக்கு வெளியே நிற்கிறது என்றால் பல்சக்கரத் தளர்ச்சியைச் சந்தேகியுங்கள். மோட்டார் திசை மாறும்போது பற்கள் ஒன்றையொன்று தொடும் வரை கொஞ்சம் வெறுமனே சுற்றும். அலைன்மென்ட் நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவரும்போது எப்போதும் மேல் அம்பு, வலது அம்பு ஆகியவற்றில் முடியுங்கள். நட்சத்திரம் நடுவைத் தாண்டிப் போய்விட்டால் அப்படியே திருப்பி இழுக்காதீர்கள். நன்றாகப் பின்னால் விட்டு, மறுபடி மேல்-வலது அம்புகளால் உள்ளே கொண்டு வாருங்கள். பைண்டரில் (குழாய் மேல் இருக்கும் குறிபார்க்கும் கருவி) நடுவுக்கு வந்ததும் "என்டர்", ஐபீஸில் நடுவுக்கு வந்ததும் "அலைன்". இதை மாற்றி அழுத்தக் கூடாது. நடுவை மதிப்பிட 25 மி.மீ.யைவிட 9 மி.மீ. ஐபீஸ் நம்பகமானது.

எந்த நட்சத்திரத்தை எடுப்பது? மூன்று பிரகாசமான புள்ளிகளைக் காட்டினால் பெயர் தெரியாமலே கணக்குப் போட்டுக்கொள்ளும் வசதி இதில் உண்டு. பெயர் தெரிந்தால் இன்னும் உறுதி. நமக்குத் தெரிந்த பெயர்களே பல: ரிமோட்டில் ரெகுலஸ் என்பது மகம், ஸ்பைகா என்பது சித்திரை, ஆர்க்டூரஸ் சுவாதி, அன்டாரெஸ் கேட்டை, அல்டெபரான் ரோகிணி, பெடல்ஜூஸ் திருவாதிரை, அல்டேர் திருவோணம், கனோபஸ் அகத்தியர். ஒன்றுக்கொன்று அறுபது டிகிரியாவது தள்ளியிருப்பதாக, உச்சியிலும் அடிவானத்திலும் இல்லாததாகப் பாருங்கள். ஐரோப்பிய, அமெரிக்கக் குறிப்புகள் துருவ நட்சத்திரத்தைச் சொல்லும். நமக்கு அது சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8 டிகிரி உயரத்தில் புழுதிக்குள் கிடக்கும். அதை நம்பி ஒரு மாலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உச்சி விஷயம் நம் ஊருக்கே உரிய தொல்லை. சென்னையில் மகம் தலைக்கு மேல் ஒரு டிகிரி தள்ளித்தான் கடக்கும், ரோகிணி மூன்றரை டிகிரி தள்ளி. அந்தப் பக்கம் கிரகம் வந்தால் அதுவும் அப்படியே. மேல்-கீழ், பக்கவாட்டு என்று திரும்பும் எந்த ஸ்டாண்டும் உச்சிக்கு அருகில் திணறும். மோட்டார் இருந்தால் பக்கவாட்டில் விருட்டென்று சுற்ற வேண்டிவரும். கையால் தள்ளுவதானால் தள்ளிப்பிடிக்கப் பிடிமானமே இருக்காது. ஒரு மணி நேரம் பொறுத்தால் 15 டிகிரி சாய்ந்துவிடும், தொல்லை தீர்ந்தது.

எஸ்எல்டியின் உண்மையான பலவீனம் அதன் ஸ்டாண்டு. கால்களை முழுதாக இழுத்து நீட்டினால் ஃபோகஸ் குமிழைத் தொட்டதும் பிம்பம் நடுங்கும். கால்களை நீட்டாமல், நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நடுத்தட்டிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டால் இன்னும் அடங்கும். தட்டு சமமாக இருக்கிறதா என்பதைக் கூடவே வரும் குமிழியில் பார்க்கலாம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் கிடைத்தால் அதைவிட நல்லது. மொபைல் கிளாம்ப் மாட்டி நிலாவைப் படம் எடுத்தால் முன்பாரம் ஏறி மோட்டார் திணறும். குழாயைப் பட்டையில் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிச் சமன் செய்ய வேண்டும்.

மேசை மேல் 150பி

எங்கள் கணக்கில் நகர மாடிக்கு இதுதான் முதலிடம். 150 மி.மீ. கண்ணாடி, 750 மி.மீ. குவிய நீளம், சுருக்கி வைக்கும் குழாய். கை ரிமோட் தேவையில்லை, மொபைலில் சின்ஸ்கேன் செயலி. தேதி, நேரம், இடம் மூன்றையும் மொபைலே கொடுத்துவிடும் என்பதால் மேலே சொன்ன தொல்லைகளில் பாதி இங்கே கிடையாது. செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. இன்னொரு பெரிய வசதி, இரண்டு அச்சிலும் தனி என்கோடர் (எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் கருவி) இருப்பதால் அலைன்மென்ட் முடிந்தபின் கையால் தள்ளினாலும் கணக்குத் தவறாது. செயலியின் அமைப்புகளில் துணை என்கோடர் இயக்கத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் முதல் நாள் தகராறு வைஃபை. டெலஸ்கோப்பின் வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டுபிடித்த மொபைல் தானாகவே டேட்டாவுக்குத் தாவிவிடும். செயலியில் "இணைப்பு இல்லை" என்று வரும், டெலஸ்கோப் மேல் பழி விழும். மொபைலை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் இயக்குங்கள்.

இரண்டாவது, எதன் மேல் வைப்பது? பிளாஸ்டிக் நாற்காலி கூடாது, கைப்பிடிச் சுவர் கூடவே கூடாது. முழங்கால் உயரத்துக்கு மூன்று கால் மர ஸ்டூல் ஒன்றை ஆசாரியிடம் சொல்லிச் செய்தால் ஆட்டமே இருக்காது. உயரம் குறைவாக இருந்தால் கைப்பிடிச் சுவர் தென்வானத்தை மறைக்கும். அகத்தியர், ஒமேகா சென்டாரி எல்லாம் தெற்கில் என்பதை மறக்க வேண்டாம். சென்னையில் ஒமேகா சென்டாரி 30 டிகிரிக்கு மேல் ஏறாது.

குழாயின் மேல்பாதி திறந்த கம்பிகள். பக்கத்து மாடி பல்பு நேராக உள்ளே விழும். 2 மி.மீ. கறுப்பு ஃபோம் ஷீட்டைச் சுருட்டிக் கம்பிகளைச் சுற்றி உறை போல மாட்டினால் நிலவொளியிலும் பிம்பத்தின் மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) கூடும். ஃபோகஸர் திருகு மரை வகை. சற்றுத் தளர்வாக இருந்தால் பெருக்கம் கூடும்போது பிம்பம் துள்ளும். குழாய் வேலைக்காரர் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்லான் டேப்பை மரையில் இரண்டு சுற்று சுற்றினால் இறுகிக்கொள்ளும். சுருக்கி விரிக்கும் குழாய் என்பதால் ஒவ்வொரு முறையும் கண்ணாடி நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நட்சத்திரத்தை 75 மடங்கில் வைத்து ஃபோகஸைச் சற்று விலக்குங்கள். வளையங்களும் நடுவிலிருக்கும் நிழலும் ஒரே மையத்தில் இருந்தால் சரி. ஒரு பக்கம் ஒதுங்கினால் பின்பக்கத் திருகுகளை கால் சுற்றுக்குள் திருப்பிச் சரிசெய்யலாம்.

மொபைல் வழிகாட்டி

டிஎக்ஸ் 130-இல் மோட்டார் இல்லை. மொபைலைப் பிடிப்பானில் வைத்தால் அதன் கேமரா ஒரு சின்னக் கண்ணாடி வழியாக வானத்தைப் படம் பிடித்து, நட்சத்திர அமைப்பை ஒப்பிட்டு, குழாய் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்கும். திரையில் வரும் அம்பு சொல்லும் பக்கம் தள்ளினால் போதும், இடம் வந்ததும் குறி பச்சையாகும். தேதி, பேட்டரி, பல்சக்கரம் என்ற பேச்சே இல்லை. தவறினால் காரணம் பெரும்பாலும் மூன்றுதான்: மொபைல் உறையைக் கழற்றாதது, பிடிப்பானின் கண்ணாடியில் தூசி, பகலில் தொலைவான ஒரு கோபுரத்தையோ டவரையோ வைத்துக் கேமராவையும் ஐபீஸையும் ஒருங்கிணைக்காதது. உங்கள் மொபைல் மாடல் ஆதரிக்கப்படுகிறதா என்பதை வாங்கும் முன்பே செயலியை இறக்கிப் பாருங்கள். பழையது வாங்கினால் செயலியைத் திறக்கும் குறியீடு தாளோடு வருகிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் அது வெறும் சாதாரண டெலஸ்கோப்.

குறை, பொருளைப் பின்தொடராது என்பது. 144 மடங்கில் சாதாரண ஐபீஸில் தெரியும் வட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு டிகிரி. பூமி நிமிடத்துக்குக் கால் டிகிரி சுழல்கிறது. சனி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. ஒருவர் பார்க்க இது பிரச்சினையே இல்லை. பள்ளி மாணவர் முப்பது பேர் வரிசையில் நின்றால் ஒவ்வொருவருக்கும் முன் தள்ளித் தள்ளிக் கை வலிக்கும். கூட்டத்துக்குக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் மோட்டார் கட்டாயம். அங்கே 4 எஸ்இ-யின் சிறிய கண்ணாடிகூடப் பரவாயில்லை, கிரகம் மணிக்கணக்கில் நடுவிலேயே நிற்கும்.

டாப்சோனியன், பழைய இடிஎக்ஸ்

6 அங்குல டாப்சோனியனுக்கு 1,200 மி.மீ. குவிய நீளம், கெட்டுப்போக எதுவுமில்லை. பார்வை தரத்துக்குக் கொடுக்கும் காசு இதில்தான் குறைவு. ஆனால் குழாய் நான்கடி நீளம், மூன்றாவது மாடிக்கு இரண்டு நடை நடக்க வேண்டும். இருட்டான ஊர், தரைத்தள முற்றம் என்றால் யோசிக்காமல் இதையே எடுக்கலாம்.

மீட் நிறுவனம் 2024-இல் கடையைக் கட்டிவிட்டது. ஆகவே இடிஎக்ஸ் 70, 80 போன்றவை மலிவாக வந்தால் உதிரிபாகம் இல்லை என்று தெரிந்தே வாங்க வேண்டும். விற்பவர் முன்னிலையிலேயே புது அல்கலைன் போட்டு, ரிமோட்டில் "காலிபரேட் மோட்டார்" ஓடவிட்டு, நான்கு அம்பையும் அழுத்திப் பாருங்கள். "மோட்டார் யூனிட் ஃபால்ட்" என்று வந்தால், அல்லது மோட்டார் உறுமியும் குழாய் நகராவிட்டால் பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கலாம், கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள். பேட்டரி அறையில் பச்சைப் பூச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். நன்றாக ஓடுகிறது, குறி மட்டும் தவறுகிறது என்றால் பகலில் தூரத்து டவரை வைத்து "ட்ரெயின் டிரைவ்" (பல்சக்கரத் தளர்ச்சியை ரிமோட்டுக்குக் கற்றுக்கொடுப்பது) செய்தால் பெரும்பாலும் சரியாகும்.

எதை வாங்கினாலும் ஏசி அறையில் வைக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியை மாடிக் காற்றுக்குக் கொண்டுவந்ததும் வேர்த்து மூடிக்கொள்ளும். துணியால் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். முக்கால் மணி நேரம் மூடியோடு வெளியே வைத்திருந்தால் தானே தெளியும். கடலோர ஊரில் குழாய்க்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடி வையுங்கள், பூஞ்சை பிடிக்காது. பகலில் மோட்டாரை ஓட்டிப் பழகும்போது முன்மூடி கழலாமல் இருக்கட்டும். "சூரியனைத் தாண்டித்தானே போகிறது" என்று அது யோசிக்காது, நடுவில் சூரியன் வந்தாலும் அதன் வழியே திரும்பும். ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர் பழைய பெட்டிகளில் கிடைத்தால் அன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். வெப்பத்தில் அது வெடிக்கும்போது கண் அதற்கு அரை அங்குலத்தில் இருக்கும்.